பொது வாக்கெடுப்பும் கல்வியும் வயதும்

படித்தவன் அளிப்பதே வாக்கு, படியாதவன் அளிப்பது வெறும் சீட்டு என்னும் பேச்சு நம் ஆனைமலை வட்டாரத்திலும் தேர்தல்தோறும் எழுகின்றது. பிறர் சொன்னால் வியப்பில்லை. நம்மவருள் பட்டம் பெற்ற இளைஞர் சிலரும் தம் தாய் தந்தையரின் வாக்கைப் பற்றி இவ்வாறே பேசக் கேட்கின்றோம். இக்கூற்று மெய்தானா என்று ஆராய்வதற்குத் தக்க இடம் பொது வாக்கெடுப்பு ஆகும். அங்கே வேட்பாளர் இல்லை; முகம் பார்த்து வாக்களிக்க வழியில்லை. ஒரே வினா, இரண்டே விடை.

அண்மைக் காலத்தில் மிகுதியாக ஆராயப்பட்டது, 2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் நடந்த வாக்கெடுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா என்பது வினா. வாக்களித்தோருள் 51.9 விழுக்காட்டினர் விலகவேண்டும் என்றனர். வாக்கு இரகசியமாதலால் யார் எப்பக்கம் நின்றார் என்பதைச் சீட்டு சொல்லாது. பின்னர் எடுத்த கணிப்புகளைக் கொண்டே பேச இயலும். யூகவ் நிறுவனத்தின் கணிப்பின்படி, 18 முதல் 24 வயது வரையுள்ளோருள் 71 விழுக்காட்டினர் நீடிக்கவும், 65 வயதைக் கடந்தோருள் 64 விழுக்காட்டினர் விலகவும் வாக்களித்தனர். பட்டதாரிகளுள் 68 விழுக்காட்டினர் நீடிப்பின் பக்கம்; பள்ளிக் கல்வியோடு நின்றோருள் 70 விழுக்காட்டினர் விலகலின் பக்கம். இஃது அறியாதார் செய்த பிழை என்று அந்நாட்டிலேயே சிலர் ஏளனம் செய்தனர். நாம் அவ்வாறு கருதவில்லை. பட்டம் பெற்ற இளைஞனுக்கு ஒன்றியம் என்பது வேலையும் பயணமும். சுரங்கமும் ஆலையும் மூடப்பட்ட ஊரில் முதுமையடைந்தவனுக்கு அது தந்த பொருள் வேறு. வாழ்வு வேறானபோது விடையும் வேறாயிற்று.

நம் நாட்டு வரலாற்றிலோ, என்ன விடை வந்தது என்பதற்கு முன்னர், யாரிடம் வினவினார்கள் என்று கேட்க வேண்டியிருக்கின்றது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் வாக்குரிமையைச் சொத்துடையார் சிலருக்கே அளித்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் அளித்து, தீண்டப்படாதாருக்கு வாக்குரிமைத் தகுதியைத் தாழ்த்த வேண்டும் என்று வாதிட்ட அம்பேத்கருக்கு அப்பொழுது வயது 27. சைமன் குழுவின் காலத்தில் அவர் மேலும் முன்சென்று, வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்கு வேண்டும் என்றார். எழுத்தறியாதவன் அறிவற்றவன் என்று கொள்வது தவறு என்பதும், வாக்களிப்பதே ஓர் அரசியல் கல்வி என்பதும் அவர் வாதம். பள்ளிக்கூடத்தின் வாயிலை அடைத்தவர்களே எழுத்தறிவைத் தகுதியாக வைப்பது என்ன நீதி? எனினும் 1935ஆம் ஆண்டுச் சட்டமும் வரி, சொத்து, கல்வி ஆகிய தகுதிகளை விடவில்லை. வயதுவந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினரே வாக்காளராயினர்.

அந்தப் பட்டியலைக் கொண்டே 1947 ஜூலை 6, 7 நாள்களில் அசாமின் சில்ஹெட் மாவட்டத்தில் வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவுடன் இருப்பதா, கிழக்கு வங்காளத்துடன் இணைந்து பாகிஸ்தானுக்குச் செல்வதா என்பது வினா. சின்னங்கள் குடிசையும் கோடரியும். மாவட்டத்து மக்கள் ஏறத்தாழ 31 இலட்சம். வாக்காளரோ ஏறத்தாழ ஐந்தரை இலட்சம். பாகிஸ்தானுக்கு 2,39,619 வாக்குகளும் இந்தியாவுக்கு 1,84,041 வாக்குகளும் கிடைத்தன. அம்மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தொழிலாளர்க்கு இதில் இடமில்லை. அவர்கள் தனித் தொழிலாளர் தொகுதியைச் சேர்ந்தவர்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். வால்பாறைத் தோட்டங்களில் உறவினர் உள்ள நம் வாசகர்க்கு இதன் கொடுமையை விளக்க வேண்டுவதில்லை. தாம் வாழும் மண் எந்த நாட்டினது என்று கொழுந்து பறிப்பவரை எவரும் கேட்கவில்லை.

வாக்குரிமை பெற்றிருந்த தாழ்த்தப்பட்டோரிடம் பாகிஸ்தானுக்காக ஆதரவு திரட்டியவர் நம்மவரே, யோகேந்திரநாத் மண்டல். முசுலிம் உழவரும் தாழ்த்தப்பட்ட உழவரும் ஒரே நிலையினர் என்பது அவர் கருத்து. பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சரான அவர், 1950 அக்டோபரில் மனமுடைந்து பதவி துறந்து இந்தியா திரும்பினார். அவர் எழுத்தறியாதவர் அல்லர். சட்டம் கற்ற வழக்கறிஞர். அவரை இகழ்வதற்காக இதைக் கூறவில்லை. அன்று அவர் கண்ட நியாயம் சிறியதன்று. ஆயினும் பட்டம் ஒருவரைப் பிழையினின்று காக்கும் என்போர் இவ்வரலாற்றைப் படித்தல் வேண்டும்.

விடுதலைக்குப் பின், 1967 ஜனவரி 16 அன்று கோவாவில் நடந்தது வேறு வகையானது. அங்கே வயதுவந்த அனைவரும் வாக்காளர். மராட்டியத்துடன் இணைவதற்குப் பூச் சின்னம்; தனி ஒன்றியப் பகுதியாக இருப்பதற்கு இரட்டை இலை. (நம் மாநிலத்து இரட்டை இலை இதற்குப் பிந்தியது.) இணைப்புக்கு 1,38,170 வாக்குகள், தனித்திருக்க 1,72,191 வாக்குகள். நிலவுடைமையாளரின் பிடியினின்று விடுபட எண்ணிய பின்தங்கிய இந்து மக்கள் பெரும்பாலும் இணைப்பை விரும்பினர்; கத்தோலிக்கர் தனித்திருக்க விரும்பினர். சின்னத்தைப் பார்த்து வாக்களித்த எளியோரும் தம் நலம் எப்பக்கம் உள்ளது என்று எண்ணியே வாக்களித்தனர்.

இத்தகைய வாக்காளரை நம்பித்தான் 1951-52இல் முதற்பொதுத்தேர்தல் நடந்தது. 1951ஆம் ஆண்டுக் கணக்கின்படி எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெண்மர்; வாக்காளரோ 17 கோடிக்கு மேல். ஒவ்வொரு வேட்பாளருக்கும் அவர் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி வைத்தனர். வாக்குச்சாவடிப் பணிக்குச் செல்லும் ஆசிரியர்களாகிய நாம் ஒன்று கண்டிருக்கின்றோம்: கைநாட்டு வைத்துவிட்டு உள்ளே செல்லும் மூதாட்டி மறைப்புக்குள் நெடுநேரம் நிற்பதில்லை. முடிவு வீட்டிலேயே ஆகிவிட்டது.

கல்வித் தகுதி அரசியலமைப்பில் இடம்பெறாமலே போயிற்று. வயது வரம்பு மட்டும் 21 என நின்றது. 1988ஆம் ஆண்டின் 61ஆம் திருத்தம் அதனை 18 ஆக்கியது. மேனிலைப் பள்ளியை முடித்துச் செல்லும் நம் மாணவர், பள்ளியே காணாத தம் பாட்டியுடன் ஒரே வரிசையில் நிற்கும் நிலை 1989ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் வந்தது.