நன்றி சொல்லத் தெரியாதவர்களா நாம்?

நம் ஆட்களுக்கு 'தேங்க்ஸ்' சொல்லவே தெரியாது என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. பாதி உண்மைதான். நாற்றுக்கட்டைத் தூக்கிவிட்ட பக்கத்து வயல்காரரிடம் எங்கள் டெல்டாவில் யாரும் நன்றி சொல்வதில்லை. பெரியவர்களாக இருந்தால் "நல்லா இருப்பே தம்பி" என்பார்கள், அவ்வளவுதான். குறளில் 11-வது அதிகாரத்தின் தலைப்பைப் பாருங்கள்: செய்ந்நன்றி 'அறிதல்'. கூறல் இல்லை!

சரி, இப்படிப் பழகியவர்கள் ஆங்கிலத்தில் நன்றி சொன்னால் எப்படி இருக்கும்? தஞ்சாவூரிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது.

பிரஷ்யாவில் பிறந்து 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் சுவார்ட்ஸ். 1787-ல் துளஜா மன்னர் சாகும் தறுவாயில், தத்துப்பிள்ளை சரபோஜியை இவர் பொறுப்பில் விட்டார். ஆனால் அரியணை சித்தப்பா அமர்சிங்குக்குப் போனது. பையனைப் பாதுகாத்து, படிக்க வைத்து, அவன் உரிமைக்காகக் கம்பெனியிடம் வாதாடியவர் சுவார்ட்ஸ். 1798 பிப்ரவரியில் அவர் இறந்தார். அதே வருடம்தான் சரபோஜி மன்னரானார். பெரியவர் அதைப் பார்க்கவில்லை.

அவருக்கு இரண்டு நன்றிகள் கல்லில் இருக்கின்றன, இரண்டும் ஆங்கிலத்தில்.

ஒன்று, சென்னைக் கோட்டை புனித மேரி தேவாலயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1807-ல் வைத்தது. ஹைதர் அலி அவரை மதித்தது, துளஜா மகனை ஒப்படைத்தது என்று வரிசையாகச் சொல்லி, பொதுநன்மைக்கு நன்றியுணர்வோடு வைத்ததாக முடிகிறது. பி.காம். படிக்கிறவன் கண்ணுக்கு அது ஒரு வரவுக் கணக்கு! இதே கம்பெனிதான் 1799 ஒப்பந்தத்தில் நாட்டை எடுத்துக்கொண்டு, சரபோஜிக்குக் கோட்டையை மட்டும் மிச்சம் வைத்தது.

இன்னொன்று, தஞ்சை புனித பேதுரு தேவாலயத்தில் சுவார்ட்ஸ் கல்லறையின் மேல் சரபோஜி எழுதிய சில வரிக் கவிதை. தாய்மொழி மராத்தி, ஆங்கிலம் கற்ற மொழி. அதில் 'நன்றி' என்ற சொல்லே கிடையாது. அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் துணையாக இருந்தவர் என்று புகழ்ந்து, 'அப்பா' என்று அழைத்து, உங்களுக்குத் தகுதியானவனாக நான் இருக்க வேண்டும் என்று வேண்டி முடிக்கிறார்.

கற்ற மொழியில் சொந்த மொழியின் பழக்கம் இப்படித்தான் நுழையும் போல. ஜப்பானியர்கள் ஆங்கிலத்தில் நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் 'சாரி' சொல்வதுண்டு. அவர்களின் 'சுமிமாசென்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பயன்படுவதுதான் காரணம். கேட்பவர் அதைப் பிழை என்கிறார். சரபோஜியின் வரிகளை யார் பிழை என்பார்கள்?

கம்பெனி செய்த உதவியைச் சொன்னது. சரபோஜி உறவைச் சொன்னார். எது பெரிய நன்றி என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

பெரிய கோயிலுக்குப் போனால், பக்கத்தில் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய பழைய தேவாலயத்தையும் பாருங்கள். சரபோஜி கேட்டுக்கொண்டதால் லண்டன் சிற்பி பிளாக்ஸ்மேன் செதுக்கிய சலவைக்கல் சிற்பம் அங்கே இருக்கிறது. படுக்கையில் சுவார்ட்ஸ், அவர் கையைப் பிடித்தபடி சரபோஜி. அங்கேயும் பேச்சு இல்லை.