குடிக்கூலி கண்ட மாற்றங்கள்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்றனர் நம் முன்னோர். கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டுப்பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் அவர்கள் சேர்த்திருக்கலாம். பத்து காஜாவில் எனக்கு ஒரு சிறு வரிசை வீடு உண்டு. தோட்டப் பள்ளி ஆசிரியன் ஒருவன் முப்பதாண்டு ஊதியத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய வீடு அது. அதில் குடியிருப்போர் மூன்று திங்களாக வாடகை தரவில்லை. “பூட்டை மாற்றிவிடுங்கள் ஐயா, தண்ணீரை நிறுத்திவிடுங்கள், தாமே போய்விடுவார்கள்” என்று நண்பர் ஒருவர் யோசனை கூறினார். அது முறைதானா என்று ஆராயப் புகுந்தபோது, வாடகை வீட்டுக்கு இந்நாட்டில் நெடிய வரலாறு ஒன்று இருப்பதைக் கண்டேன். அதனை ஆசிரிய நண்பர்கள் முன் வைக்க விழைகின்றேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டப் பெருந்திரளான மக்கள் வந்து குவிந்தனர். பத்து காஜா அந்நாளில் கிந்தா மாவட்டத்தின் நிர்வாகத் தலைமையிடமாய் விளங்கிற்று. முதலில் எழுந்தவை பலகையும் அத்தாப்பும் கொண்ட குடில்களே. 1892ஆம் ஆண்டு ஈப்போவில் மூண்ட பெருந்தீ ஊரின் பெரும்பகுதியை அழித்தது. பின்னர் நேர்த்தெருக்களும் செங்கற் கடைவீடுகளும் எழுந்தன. கீழே கடை, மேலே குடியிருப்பு, முன்னே அஞ்சடி நடைபாதை என்பது அவற்றின் அமைப்பு. ஒரே கட்டடத்தில் கடைக்காரர் ஒருவரும், மேல்மாடி அறைகளில் பல குடும்பங்களும் இருப்பர். சிறு உரிமையாளர், குடியிருப்போர், உள்வாடகைக்காரர் என்னும் மூன்று படிகள் அன்றே தோன்றிவிட்டன.

இவ்வுரிமையாளருள் நம்மவரும் உண்டு. நாட்டுக்கோட்டை நகரத்தார் மலாயாவுக்கு வந்தது கொடுக்கல் வாங்கல் தொழிலுக்காக. வீட்டுக்காரராய் இருப்பதற்கு அன்று. ஊர்தோறும் கிட்டங்கி அமைத்து, நிலப்பட்டாவை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்தனர். 1930ஆம் ஆண்டை ஒட்டி உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ரப்பர் விலையும் ஈய விலையும் சரிந்தன. கடன் வாங்கியோர் கொடுக்க இயலாது கைவிரித்தனர். ஈடாய் இருந்த கடைகளும் தோட்டங்களும் நகரத்தார் கைக்கு வந்தன. வட்டிக்கு விட்ட பணம் செங்கல்லாய்த் திரும்பியது என்று சொல்லலாம். விரும்பாமலே வீட்டுக்காரர் ஆனவர்கள் அவர்கள்.

தோட்டத்துத் தமிழருக்கோ வாடகை என்ற சொல்லே அந்நியம். லயத்து வீட்டுக்குக் குடிக்கூலி இல்லை. ஆனால் வேலை உள்ளவரைதான் வீடு. 1983இல் என் தந்தையார் மறைந்தபோது எனக்கு வயது பதின்மூன்று. வீட்டில் பால்மரம் வெட்டுவோர் வேறு எவரும் இல்லாமையால், லயத்தை ஒரு திங்களுக்குள் காலி செய்யுமாறு நிர்வாகம் கூறிற்று. தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டா. வாடகை கொடாத வீட்டில் உரிமையும் இல்லை என்பதை அன்று அறிந்தேன். பத்து காஜாவுக்கு அருகே வில்லியம் கெல்லி சிமித் கட்டத் தொடங்கிய மாளிகை, அவர் 1926இல் லிஸ்பனில் இறந்தமையால் முற்றுப்பெறாது நின்றது. அதைக் கட்டத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் தருவிக்கப்பட்டனர். அத்துணைப் பெரிய மாளிகையைக் கட்டியோருக்குச் சொந்தமாய் ஓர் அறை இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததன் பொருள் அப்போதுதான் நமக்கு விளங்கும்.

இனி நகரத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடுகளுக்குப் பெரும்பஞ்சம் ஏற்பட்டது. வாடகை கண்டபடி ஏறாதிருக்க அரசு கட்டுப்பாடு கொணர்ந்தது. அக்கட்டுப்பாடு 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமாக நிலைபெற்றது. 1948 ஜனவரி 31ஆம் நாளுக்குள் கட்டி முடித்த கட்டடங்களே அதற்கு உட்பட்டவை. குறித்த வாடகைக்கு மேல் வாங்கலாகாது. சட்டம் கூறும் காரணமின்றி எவரையும் வெளியேற்றலாகாது. வழக்குகளைத் தீர்க்க வாடகை நடுவர் மன்றமும் இருந்தது.

ஏழைக் குடும்பங்களை இச்சட்டம் காத்தது என்பதில் ஐயமில்லை. தையற்காரரும் முடிதிருத்துவோரும் தலைமுறை தலைமுறையாய் ஒரே கடையில் பிழைக்க முடிந்தது. ஆயினும் மறுபக்கமும் உண்டு. ஒரு வீட்டின் வாடகை அதன் ஓட்டை மாற்றவும் போதாதாயின், உரிமையாளர் ஓட்டை மாற்றுவாரா? கூரை ஒழுகிற்று, உத்திரம் செல்லரித்தது. குறைந்த வாடகைக்கு எடுத்தவர் கூடுதல் வாடகைக்கு அறைகளைப் பிரித்து விட்டதும் உண்டு. கைமாறும்போது ‘தேநீர்ப் பணம்’ என்ற பெயரில் மறைமுகத் தொகை புழங்கிற்று. இலாபம் இடையில் நின்றவருக்குப் போயிற்று. இரண்டு கடை வைத்திருந்த விதவையும் இருநூறு கடை வைத்திருந்த செல்வரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றாயினர். சிறு உரிமையாளரின் முதற்குறை இதுவே.

1997 செப்டம்பரில் இச்சட்டத்தை நீக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1999 டிசம்பர் 31 வரை இடைக்காலம் தரப்பட்டது. 2000 ஜனவரி முதல் நாள் தொட்டு வாடகை சந்தை விலைக்குப் போயிற்று. பழைய கடைவீடுகள் மிகுந்த பினாங்கு ஜார்ஜ் டவுனில் அதன் தாக்கம் கடுமையாய் இருந்தது. பல குடும்பங்கள் வெளியேறின. 2008இல் அந்நகர் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது, அம்மரபைக் கட்டிக்காத்த மக்களிற் பலர் அங்கில்லை. ஐம்பதாண்டு இறுக்கிக் கட்டிய கயிற்றை ஒரே நாளில் அறுத்தால் இரு பக்கத்தாரும் விழவே செய்வர்.

கட்டுப்பாடு நீங்கியது, ஆனால் வீட்டுக்காரர் விரும்பியதெல்லாம் செய்யலாம் என்பது தவறு. 1950ஆம் ஆண்டுச் சட்டமொன்று, குடியிருப்போரை நீதிமன்ற ஆணையின்றி வெளியேற்றுதல் கூடாது என்கிறது. ஆதலின் பூட்டை மாற்றும் யோசனை நம்மையே குற்றவாளியாக்கும். நிலுவை வாடகைக்கு 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம் வழியே பொருள்களைப் பறிமுதல் செய்யலாம். அதுவும் பன்னிரண்டு திங்கள் நிலுவைக்கு மேற்படாது. தவணை முடிந்தும் வெளியேறாதவரிடம் இரட்டை வாடகை கேட்க 1956ஆம் ஆண்டுக் குடியியல் சட்டம் வழி தருகிறது. மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகை, தேசிய நிலச் சட்டப்படி பதிவு பெறல் வேண்டும். முத்திரை வரி செலுத்தாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படாது. வாடகை வருமான வரிக்கு உட்பட்டது. நிலவரி, வீட்டு வரி, பழுதுபார்க்கும் செலவு, கடன் வட்டி முதலியவற்றைக் கழிக்கலாம். இரசீதுகளைப் பத்திரப்படுத்துதல் ஆசிரியர்க்குக் கற்பிக்க வேண்டாத பாடம்.

நான் பூட்டை மாற்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவ்வீட்டுக்குச் சென்றேன். “சார், தொழிற்சாலையில் ஆள் குறைத்துவிட்டார்கள், உங்களிடம் சொல்லக் கூச்சமாய் இருந்தது” என்றார் அவர். கூடத்தில் அவருடைய மகன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். அவனுக்கும் பதின்மூன்று வயது இருக்கும். நிலுவையை ஆறு தவணையாகக் கொடுப்பதென முடிவு செய்தோம். இரக்கம் வேறு, கணக்கு வேறு. ஆதலின் முன்பு வாய்ச்சொல்லாய் விட்டதை இம்முறை எழுத்தில் எழுதி முத்திரையும் இட்டோம். இரண்டு தவணை வந்துள்ளது.

எஞ்சிய நான்கும் வருமா என்று இன்று உறுதி கூற முடியாது. வாராவிடில் நீதிமன்றம் உண்டு. அதற்கு வேண்டிய எழுத்தும் கையில் உண்டு. வீட்டுக்கு அதன் கூரையைக் காக்கும் வாடகை வேண்டும். குடியிருப்போருக்கு நாளை எங்கே என்னும் அச்சமின்றி உறங்க ஒரு தவணைக்காலம் வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் கண்ட சட்டங்கள் நிலைக்கவில்லை என்பதே பழைய கடைவீடுகள் நமக்குக் கூறும் வரலாறு.