குழந்தை நலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான பயிற்சி

குழந்தைகளுக்கு வரும் அன்றாட நோய்களை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எப்படிக் கண்டுபிடித்துக் கவனிப்பது என்பதை மாணவர்களுக்குக் கற்றுத்தர, மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களைத் தயார்செய்வது இப்பயிற்சி. இருபது வருடம் வார்டு பார்த்த பேராசிரியருக்கு மூச்சு எண்ணச் சொல்லித்தர வேண்டுமா? வேண்டும். கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் முற்றிய நோய். எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் பக்கத்திலேயே இருக்கும். துணை சுகாதார நிலையத்தில் இருப்பது ஒரு கடிகாரம்தான்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 1990களின் நடுவில் வகுத்த முறையில், பிறந்த முதல் வாரச் சிசுக்களையும் சேர்த்து இந்தியா ஐ.எம்.என்.சி.ஐ. (சிசு, குழந்தைப் பருவ நோய்களின் ஒருங்கிணைந்த மேலாண்மை) என்ற திட்டமாக்கியது. இதில் இருமல் உள்ள குழந்தை தாயின் மடியில் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது செல்லாது. இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40: இந்த அளவைத் தொட்டால் வேக மூச்சு. சிசுவுக்கு 60ஐத் தொட்டால் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். நோயின் தீவிரத்தை நிறத்தால் பிரிக்கும் அட்டவணையில் இளஞ்சிவப்பு என்றால் உடனே பெரிய மருத்துவமனை, மஞ்சள் என்றால் அங்கேயே மருந்து, பச்சை என்றால் வீட்டுக் கவனிப்பு.

பயிற்றுநர் மேடையில் நின்று பேசுவதில்லை. கற்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் நிரப்பிய தாளைத் திருத்துகிறார். விரிவுரைக்குப் பழகியவர்களுக்கு இதுவே கடினமான பாடம். ஆசிரியர்களுக்கே கற்பிக்கும் கலையைச் சொல்லித்தரும் தேசிய மையம் 1970களிலேயே புதுச்சேரி ஜிப்மரில் வந்துவிட்டது.

இந்தப் பாடம் களத்தில் எப்படித் தேவைப்படும் என்பதற்குக் கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் ஓர் எடுத்துக்காட்டு. அங்கே 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கக் கம்பெனியின் மருத்துவமனையும் பாழானது. 2021இல் கொரோனாவுக்காகத் தன்னார்வலர்கள் அதைக் கூட்டிப் பெருக்கித் திறந்தார்கள். அதே கோலார் மாவட்டத்தின் தேவராஜ் அர்ஸ் மருத்துவக் கல்லூரி 1986 முதல் கோலாரை ஒட்டிய டமகாவில் இருக்கிறது. தங்கவயல் தாய்மார் பலர் பேசுவது தமிழ். அரசுப் பதிவேடு கன்னடம், கல்லூரிப் பாடம் ஆங்கிலம். இங்கே வேலை பார்க்கப்போகும் மாணவருக்கு அட்டவணை மனப்பாடமானால் மட்டும் போதாது, “பால் குடிக்கிறானா? குடிச்சதெல்லாம் வாந்தி எடுக்கிறானா? ஃபிட்ஸ் வந்துதா?” என்று வாய்கூசாமல் கேட்கவும் வர வேண்டும்.

கடைசியாக இன்னொரு கேள்வியையும் பயிற்சி வலியுறுத்துகிறது. “புரிஞ்சுதாம்மா?” என்றால் எந்தத் தாயும் தலையாட்டிவிடுவார். “இந்த மாத்திரையை எத்தனை வேளை, எப்படிக் கொடுப்பீங்க?” என்று கேட்டால், அவர் யோசிக்கத் தொடங்குவார்.