காங்கேசன்துறை: தண்டவாளம் முடியும் இடத்தில் எழுந்த பட்டினம்

கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம். யாழ்ப்பாணத்தில் இருந்து வடக்கே கோச்சியில் போனவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். அதற்கு அடுத்த நிலையம் காங்கேசன்துறை. அப்பால் கடல்தான்.

ஊரின் பெயர் புகையிரதத்தை விடப் பழையது. மாவிட்டபுரம் கோயிலுக்கான காங்கேயன் விக்கிரகம் வந்திறங்கியதால் கயாத்துறை காங்கேசன்துறையானது என்பது ஐதீகம். வெளிச்சவீடு 1893இல் கட்டப்பட்டது. ஆயினும் துறைமுகக் கிராமம் பட்டினமாக மாறியது தண்டவாளம் வந்த பிறகுதான்.

வடபகுதிப் பாதையில் குடாநாட்டுக்குள் முதலில் திறக்கப்பட்டது காங்கேசன்துறை - சாவகச்சேரிப் பகுதி. அது 1902 மார்ச் 11ஆம் திகதி. அப்போது வன்னிக் காட்டினூடாகப் பாதை முடிந்திருக்கவில்லை. கொழும்போடு தொடுப்பில்லாமல், குடாநாட்டுக்குள் மட்டும் மூன்று வருடத்துக்கு மேல் வண்டி ஓடியது. 1905 ஓகஸ்ட் 1ஆம் திகதி முழுப்பாதையும் திறக்கப்பட்டது. அதுவரை கொழும்புக்குப் போவதென்றால் கடல்வழி, இல்லையேல் மாட்டுவண்டியில் காட்டுவழி. பிறகு அரசாங்க உத்தியோகத்தர்கள் ஓர் இரவுப் பயணத்தில் ஊர் வந்து சேர்ந்தார்கள். வலிகாமத்துப் புகையிலையும் வெங்காயமும் தெற்கே போயின.

இரண்டாவது வளர்ச்சி சீமெந்து ஆலையால் வந்தது. நிலத்தடியில் சுண்ணாம்புக்கல், பக்கத்தில் துறைமுகம், வாசலில் தண்டவாளம். ஆலைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறெங்கே? 1950இல் உற்பத்தி தொடங்கியது. களிமண் முருங்கனில் இருந்து வந்தது. சீமெந்து மூட்டைகள் கோச்சியில் தெற்கே போயின. ஆலையை நம்பித் தொழிலாளர் குடியிருப்புகளும் கடைகளும் பெருகின. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. தந்தை செல்வா 1947இல் முதன்முதலாக வென்றதும், பதவி துறந்து 1975 இடைத்தேர்தலில் மீண்டும் வென்றதும் இந்தத் தொகுதியில்தான்.

1990 ஜூனில் எல்லாம் ஒன்றாக நின்றன. புகையிரதம் நின்றது, ஆலை மூடப்பட்டது, வலிகாமம் வடக்கு மக்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறினார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. குடாநாடெங்கும் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கழற்றப்பட்டன. பாதை போன இடத்தில் பற்றை வளர்ந்தது.

யுத்தம் முடிந்த பின் இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் பாதையை மீள அமைத்தது. 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரி 2இல் காங்கேசன்துறைக்கும் வண்டி வந்தது. ஊர்க்காரர் பலர் அப்போதும் மல்லாகம் கோணாப்புலத்திலும் சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும் இருந்தார்கள். தங்கள் ஊரின் பெயர் தாங்கிய வண்டி மல்லாகத்தையும் சுன்னாகத்தையும் தாண்டிப் போவதை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னர் காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டன, எல்லாம் அல்ல. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்தில் இருந்து பயணிகள் கப்பலும் வந்தது. துறைமுகமும் நிலையமும் மீண்டும் இயங்குகின்றன. சீமெந்து ஆலை திறக்கப்படவில்லை. கல் அகழ்ந்த கிடங்குகளில் தண்ணீர் நிற்கிறது.