குப்பையை எரித்த கணக்கு

ஈர விறகை அடுப்பில் வைத்து ஊதி ஊதிக் கண் சிவந்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். விறகின் சூடு முதலில் தன் ஈரத்தை உலர்த்தவே செலவாகும். மிச்சமிருந்தால்தான் உலை கொதிக்கும். இந்தச் சின்ன விஷயத்தை மறந்து ஒரு தலைநகரம் நஷ்டப்பட்டிருக்கிறது. ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை, லண்டனில் தொடங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் குப்பைக்கு விலை இருந்தது. வீடுதோறும் நிலக்கரி எரித்த காலம் அது. குப்பை என்றால் பெரும்பாலும் சாம்பலும் அரைகுறையாக எரிந்த கரித்துண்டுகளும்தான். செங்கல் அறுப்பவர்கள் சாம்பலைக் களிமண்ணோடு பிசைந்தார்கள். கரித்துண்டுகளைச் சூளையில் போட்டார்கள். ஆகவே குப்பை அள்ளும் உரிமைக்குக் காண்டிராக்டர்கள் வட்டாரச் சபைகளுக்குப் பணம் கட்டினார்கள். செங்கல்காரர்களின் தேவை குறைந்ததும் கணக்குத் தலைகீழாயிற்று. அள்ளிப் போவதற்குச் சபைகள் பணம் கொடுக்க வேண்டி வந்தது. குப்பை செலவு வைக்கத் தொடங்கிய பிறகே அதை எரித்துவிடும் யோசனைக்கு மதிப்பு வந்தது.

1874-இல் நாட்டிங்ஹாம் நகரில் ஆல்பிரட் பிரையரின் உலை எழுந்தது. 1897-இல் லண்டனின் ஷோர்டிச் வட்டாரத்தில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையத்தைக் கெல்வின் பிரபு திறந்து வைத்தார். மிஞ்சிய வெப்பம் பக்கத்துப் பொதுக் குளியல் நிலையத்துக்குப் போயிற்று. தூசியிலிருந்து ஒளியும் ஆற்றலும் என்று பொருள்படும் லத்தீன் வாசகத்தைக் கட்டடத்தில் பொறித்தார்கள். பெருமைப்பட்டதில் தவறில்லை. ஆனால் அந்த உலைக்குத் துணை நின்றது, வீட்டுக்காரர்கள் காசு கொடுத்து வாங்கி, முழுதும் எரிக்காமல் கொட்டிய நிலக்கரி.

தொண்ணூறு வருஷம் கழித்து, 1987-இல், டில்லியின் திமார்பூரில் டென்மார்க் நாட்டு இயந்திரம் ஒன்றை நிறுவினார்கள். தினம் 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் மின்சாரம் எடுப்பது உத்தேசம். குப்பை கிலோவுக்குச் சுமார் 1,460 கிலோகலோரி வெப்பம் தரவேண்டும் என்பது இயந்திரத்தின் நிபந்தனை. வந்த குப்பை தந்ததோ 600, 700. காய்கறித் தோலும் தேயிலைச் சக்கையும் தெருப்புழுதியும் வேறென்ன தரும்? 21 நாள் ஓடிவிட்டு அது நின்றுபோயிற்று.

எரியக்கூடிய காகிதமும் அட்டையும் கந்தலும் எங்கே போயின? பழைய பேப்பர்க்காரரும், குப்பை பொறுக்குகிறவர்களும் முன்பே எடுத்துப் போய்விட்டார்கள். சம்பளம் வாங்காமலே நகரசபையின் வண்டிச் சுமையைக் குறைத்தவர்கள் அவர்கள்.

2012-இல் டில்லியின் ஓக்லாவில் இன்னும் பெரிய ஆலை ஓடத் தொடங்கியது. ஆகவே இந்த நாட்டுக் குப்பை எரியவே எரியாது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அக்கம்பக்கத்தார் புகையை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். குப்பை பொறுக்குகிறவர்கள் பிழைப்புப் போகிறதென்று முறையிட்டார்கள். காகிதம் அவர்கள் கைக்குப் போனால் உலைக்கு வலுவில்லை. உலைக்குப் போனால் அவர்கள் வீட்டு அடுப்பு எரியாது.

ஆலையின் கணக்கில் மின்சாரம் விற்ற பணம் வரவில் ஏறுகிறது. பொறுக்குகிறவர் இழந்த கூலி எந்தப் பத்தியிலும் ஏறுவதில்லை. அதையும் செலவில் எழுதிக் கூட்டினால், கணக்கு வேறு விதமாக முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.