போகா-யோகே
போகா-யோகே என்பது கவனம் சிதறுவதால் நேரும் பிழையைத் தடுக்கும் ஜப்பானியத் தொழில்முறை. ஒசூர் வாகன ஆலைகளில் பழகிய சொல். (ஒசூரில் ஆலை கொண்ட டிவிஎஸ் மோட்டார் 2002இல் ஜப்பானின் டெமிங் பரிசையே பெற்றது.)

1961இல் ஜப்பானில் சுவிட்சு பொருத்திய தொழிலாளர், உள்ளே வைக்க வேண்டிய இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்றை அவ்வப்போது மறந்தனர். பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ, இரண்டையும் முதலில் சிறு தட்டில் எடுத்து வைக்கச் செய்தார். தட்டில் ஒன்று மிஞ்சினால் மறதி அப்போதே தெரிந்துவிடும்.

அப்போது இவ்வகை ஏற்பாட்டின் பெயர் பாகா-யோகே, அதாவது ‘முட்டாள் தடுப்பு’. பழி ஆளின்மேல் விழுந்தது. 1963இல் அச்சொல்லைக் கேட்டு ஒரு பெண் தொழிலாளி அழுததால், ஷிங்கோ அதைக் ‘கவனப்பிழைத் தடுப்பு’ எனப் பொருள்படும் போகா-யோகே என மாற்றினார். மனம் தானாக அலைவதையும் வேண்டுமென்றே அலையவிடுவதையும் நான்கு நான்கு வினாக்களால் தனித்தனியே அளக்கும் உளவியல் அளவுகோல்கள் 2013இல்தான் வெளிவந்தன.