ஏழேகால் மணிக் குழம்பு

அந்தக் குழம்புக்கு என்ன பெயர் என்று அம்மாவிடம் கேட்டால், "பேரு இன்னா பேரு, குழம்புதான்" என்பாள். நாங்கள் பிள்ளைகள் 'அவசரக் குழம்பு' என்போம். 1980களின் கடைசியில் அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். ஓவர்டைம் முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது மணி ஏழேகால் ஆகிவிடும். எட்டு மணிக்குத் தட்டில் சோறும் குழம்பும் இருக்கும்.

செய்முறை இதுதான். அரிசியைக் களைந்து ஓர் அடுப்பில் ஏற்றிவிட்டு, பல்லாரி வெங்காயம் இரண்டை நீளமாக அரிந்து இன்னோர் அடுப்பில் வதக்குவாள். நாலு தக்காளியைக் கையாலேயே பிசைந்து போட்டு, அது குழையும் வரைக்கும் பக்கத்தில் நின்று கத்திரிக்காயை நாலாக வகிர்ந்துகொண்டிருப்பாள். பிறகு குழம்பு மிளகாய்த்தூள் இரண்டு ஸ்பூன், உப்பு, ஒரு சொம்புத் தண்ணீர். கொதித்துச் சுண்டியதும் கரண்டியில் எண்ணெய் காயவைத்து ஒரு சிட்டிகை வடகத்தை உதிர்த்துப் பொரித்துக் கொட்டுவாள். 'சொர்ர்' என்ற அந்தச் சத்தம் வந்தால் நாங்கள் தட்டை எடுத்து வைக்க வேண்டும்.

பருப்பு கிடையாது. தேங்காய் கிடையாது. புளி கிடையாது. சின்ன வெங்காயமும் கிடையாது. பாட்டி குழம்பு என்று சொன்னால் இந்த நாலும் இருந்தாக வேண்டும். மகள் சட்டியில் அவை ஏன் காணாமல் போயின என்று யோசித்துக்கொண்டு போனால், சமையலறையைத் தாண்டி எங்கள் ஊருக்கே வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

அம்பத்தூர் அதுவரை ஏரியும் வயலுமாக இருந்த ஊர். 1949-இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸை இங்கே தொடங்கியது. 1951-இல் முதல் சைக்கிள் வெளியே வந்தது. 1959-இல் டன்லப் டயர் ஆலை. 1964-இல் தொழிற்பேட்டை. பக்கத்து ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1965-இல் அங்கிருந்து 'விஜயந்தா' டாங்கி. பதினைந்து வருஷத்துக்குள் ஒரு வட்டாரமே சூரியனைப் பார்த்து எழுந்திருப்பதை விட்டுவிட்டு ஷிப்டைப் பார்த்து எழுந்திருக்கப் பழகிவிட்டது. முதல் ஷிப்டு, ரெண்டாம் ஷிப்டு, நைட்டு. தெருவில் யார் வீட்டில் எப்போது விளக்கு எரியும் என்பதை வைத்தே யாருக்கு எந்த ஷிப்டு என்று சொல்லிவிடலாம்.

இங்கே முதல் சைக்கிள் வெளிவந்த அதே 1951-இல்தான் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' அச்சில் வந்தது. கல்யாணமாகி வேற்றூர் போன பெண்களுக்குப் பாட்டியின் இடத்தில் நின்று சொல்லிக்கொடுத்த புத்தகம். அது ஒரு பெரிய காரியம். இன்றைக்கும் அதற்கு மாற்று இல்லை என்பேன். ஆனால் அந்தப் புத்தகத்தின் சமையலறைக்கு ஒரு முழுக் காலை நேரம் கையில் இருந்தது. எஸ்டேட்டிலிருந்து வரும் பெண்ணிடம் இருந்தது நாற்பது நிமிஷம்.

சின்ன வெங்காயம் போனது அந்த நாற்பது நிமிஷத்தால்தான். குழம்புக்கு அதன் ருசி வராது என்று அம்மாவுக்கும் தெரியும். "உரிக்கறதுக்கே கால் மணி ஆயிடும்டி" என்பாள். பெல்லாரி ஊர்ப் பெயரைச் சுமந்து வந்த பெரிய வெங்காயம் இரண்டே வெட்டில் வேலையை முடித்தது. தேங்காய் போனது அம்மியால். வேலை நாளில் ராத்திரி ஏழரைக்கு அம்மியில் உட்கார முடியாது.

புளியின் இடத்துக்குத் தக்காளி வந்தது இன்னும் சுவாரசியமான கதை. தக்காளி என்ற சொல் தமிழில் பழசு. மணத்தக்காளி, சொடக்குத் தக்காளி என்று நம் வேலியோரத்துச் செடிகளுக்கு அந்தப் பெயர் இருந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்த பழத்துக்கு அதைக் கடன் கொடுத்து, சீமைத் தக்காளி என்றார்கள். மிளகாய்க்கும் இப்படித்தான், மிளகிடமிருந்து பெயர் எடுத்துக் கொடுத்தோம். சீமை என்ற அடைமொழி எப்போது உதிர்ந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. புளியை ஊற வைக்கணும், கரைக்கணும், வடிகட்டணும், பச்சை வாசனை போகக் கொதிக்கணும். தக்காளி அப்படியே சட்டியில் இறங்கிவிடும். மதனப்பள்ளியிலிருந்தும் கோலாரிலிருந்தும் லாரி லாரியாக வந்து இறங்கியதால் விலையும் பெரும்பாலும் கைக்கு எட்டியது.

ஆனால் இந்தக் குழம்பு நாற்பது நிமிஷத்தில் ஆகிவிடுகிறது என்று சொல்வது பாதி உண்மைதான். மீதி நேரத்தை அம்மா ஏப்ரல், மே மாதத்திலேயே செலவழித்திருப்பாள். மிளகாய், தனியா, மஞ்சள், கடலைப்பருப்பு, மிளகு, வெந்தயம் எல்லாவற்றையும் மொட்டைமாடியில் காயவைப்பாள். அப்பா அதைத் தூக்கில் கட்டி, இதே ஊரில் செய்த ஹெர்குலிஸ் சைக்கிளில் வைத்து மெஷினுக்குக் கொண்டுபோய் அரைத்து வருவார். ஒரு வருஷத்துக்கான தூள். அடுத்த ஞாயிறு வடகம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக நசுக்கி, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு சேர்த்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடித்து, பகலில் வெயில், ராத்திரி மறுபடி பிசைந்து உருட்டல் என்று பத்து நாள் போகும். வேலை நாளில் விலக்கி வைத்த சின்ன வெங்காயம் இப்படி வேஷம் மாறி உள்ளே வந்துவிடும். வட தமிழ்நாட்டுக்காரர்கள் இந்த வாசனைக்கு உயிரை விடுவதில் ஆச்சரியமே இல்லை.

வாங்கிப் போடும் தூள் என்ற யோசனை முதலில் நம்முடையது இல்லை. 1784-இலேயே லண்டன் பத்திரிகையில் கறி பவுடருக்கு விளம்பரம் வந்துவிட்டது. இந்தியாவில் சமையல்காரனை விட்டுவிட்டு ஊர் திரும்பிய வெள்ளைக்காரர்களுக்கான அவசரக் குழம்பு அது. நமக்கு அந்தத் தேவை இரண்டு நூற்றாண்டு கழித்து வந்தது. ஈரோட்டில் 1975-இல் தொடங்கிய சக்தி மசாலாவும், சென்னையில் 1995-இல் தொடங்கிய ஆச்சி மசாலாவும் அண்ணாச்சி கடையில் சரம் சரமாகத் தொங்கத் தொடங்கியபோது, அம்மா ரொம்ப நாள் அவற்றைச் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு ஒரு மழைக்காலத்தில் விழுந்துவிட்டாள்.

அடுப்புக்கும் இதே போலத் தேதிகள் இருக்கின்றன. இண்டேன் கேஸ் 1965-இல் கல்கத்தாவில் முதல் இணைப்பைக் கொடுத்தது. எங்கள் தெருவுக்கு அது வந்து சேர 1990களின் நடு ஆனது. அதுவரை ரேஷன் சீமெண்ணெய். டின்னைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பது என் அண்ணனின் உத்தியோகம். மிக்ஸியை இந்திய மசாலாவுக்குத் தோதாக மாற்றி 1963-இல் சுமீத் கம்பெனியைத் தொடங்கியவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற இன்ஜினியர். வீட்டில் இருந்த வெளிநாட்டு மிக்ஸி பழுதாகி மனைவி சிரமப்பட்டதிலிருந்து பிறந்த யோசனை என்பார்கள். சென்னையிலேயே 1978-இல் ப்ரீத்தி வந்தது. 2011 செப்டம்பரில் தமிழக அரசே ரேஷன் கார்டுக்கு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று கொடுக்க ஆரம்பித்தது. இலவசம் என்று கேலி பேசியவர்களில் எத்தனை பேர் அம்மியில் அரைத்தவர்கள் என்று எனக்கு அன்றைக்கே கேட்கத் தோன்றியது.

குக்கரும் மிக்ஸியும் எங்கள் வீட்டில் செய்த வேலையை நான் பல வருஷம் கழித்துத்தான் கவனித்தேன். குக்கர் வந்ததும் குழம்புக்குள் பருப்பு திரும்பி வந்தது. "ரெண்டு விசில்தான" என்றார் அப்பா. மிக்ஸி வந்ததும் தேங்காய் வந்தது. கூடவே சட்னி ஒன்று என்பது இரண்டானது. அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரும் நேரம் அதே எட்டு மணியாகவே இருந்தது.

ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983-இல் எழுதிய புத்தகத்தில் இந்த விஷயம் வருகிறது. வீட்டுக்குள் வந்த இயந்திரங்கள் பெரும்பாலும் ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகளைத்தான் ஒழித்தன, விறகு பிளப்பது மாதிரி. பெண்ணின் வேலை அப்படியே நின்றது என்கிறார். படித்தபோது எனக்கு அமெரிக்கா நினைவுக்கு வரவில்லை. மாவு மெஷினுக்குப் போன அப்பாவின் சைக்கிளும், அண்ணனின் சீமெண்ணெய் டின்னும்தான் வந்தன. பாக்கெட் தூள் அப்பாவுக்கு விடுதலை கொடுத்தது. கேஸ் அண்ணனுக்குக் கொடுத்தது.

இதில் எனக்கு உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. அப்பாவுக்கு முதல் ஷிப்டு உள்ள வாரங்களில் மதியம் இரண்டரைக்கெல்லாம் வீட்டில் இருப்பார். தூங்கி எழுந்து, பேப்பர் படித்து, தெருமுனையில் பேசிவிட்டு வருவார். நல்ல மனுஷர், குடியில்லை, சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொடுப்பார். ஆனாலும் குழம்பு ஏழேகாலுக்காகக் காத்திருந்தது. அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பசியோடு வாசலில் உட்கார்ந்து அம்மா வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கும்தான்.

மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019-இல் நடந்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்களில் அந்த வேலையைச் செய்கிறவர்கள் செலவிட்டது 97 நிமிடம். 2024-இல் பெண்களுடையது 289, ஆண்களுடையது 88. இரண்டு பக்கமும் குறைந்திருக்கிறது, ஆண்கள் பக்கமும்!

இப்போது நான் அதே எஸ்டேட்டில், பழைய ஆலைகளுக்கு நடுவே எழுந்த கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வீடு சேர எட்டாகிறது. செய்வது அதே குழம்பு. 2020 மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டை மூடி, காய்கறியைப் பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் திருமழிசைக்கு மாற்றியபோதுகூடத் தக்காளி எப்படியோ வந்துகொண்டிருந்தது. 2023 ஜூலையில் அது கிலோ நூறைத் தாண்டியது. அரசு ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றது, ஆனால் வேலைக்குப் போகிறவளால் பகலில் அந்த வரிசையில் நிற்க முடியுமா?

அம்மாவுக்குப் போன் போட்டுப் புலம்பினேன்.

"புளிய ஊற வெச்சு செய்யேன். அதுக்கு இன்னாத்துக்கு அழுவுற."

"வர்றதே எட்டு மணி. எப்ப ஊற வெச்சு எப்பக் கரைக்கிறது?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "மாப்ள வீட்லருந்துதான வேல பாக்குறாரு? அவர ஊற வைக்கச் சொல்லு" என்றாள்.

முப்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை. பஸ்ஸில் இருந்தபடியே அவருக்கு மெசேஜ் அனுப்பினேன். போனபோது நிஜமாகவே ஊறிக்கொண்டிருந்தது. எலுமிச்சை அளவு என்று எழுத மறந்திருக்கிறேன். மனுஷர் அரைக் கிலோ பாக்கெட்டை அப்படியே பிரித்துப் பெரிய பாத்திரத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருந்தார். அந்த வாரம் முழுக்கக் காரக்குழம்பு, ரசம், புளிக்காய்ச்சல், மறுபடி காரக்குழம்பு. வெள்ளிக்கிழமைப் புளியை அவரே கரைத்தார்.